சந்தேகம் எடுத்த இன்சூரன்ஸ்

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால் எங்கள் தெருவே சிரிக்கும். முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். எங்கள் முதலாளியைப் போல எதையுமே நம்பாத மனிதர் இந்தப் பூமியில் இன்னொருத்தர் கிடையாது.

கேரள எல்லைக்குள்ளே இருக்கிற முதலமடையில் மாங்காய்க் குடோன் வைத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. "சந்தேகம் குடோன்" என்றால் பஸ் கண்டக்டரே வாசலில் இறக்கிவிடுவார். நேரில் முதலாளி, முதுகு திரும்பினால் சந்தேகம். ஒரு நாள் அவர் சம்சாரமே போனில் என்னிடம், "அம்மிணி, சந்தேகம் சோத்துக்கு வருதா இல்லையான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

தோப்பிலிருந்து வருகிற பெட்டிகளில் மேலே நல்ல காயும் அடியில் அடிபட்ட காயும் அடுக்குவது இந்தத் தொழிலில் சகஜம். மற்ற குடோன்களில் நாலு பெட்டிக்கு ஒன்றைக் கொட்டிப் பார்ப்பார்கள். இவர் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வார். சொந்தத் தோப்புப் பெட்டியையும் கொட்டச் சொல்வார்.

"உங்க தோப்புக் காயிதானுங்களே" என்று நாங்கள் கேட்டால், "பறிச்சது நானா?" என்பார்.

ஒரு தடவை அவரே பறித்து, அவரே அடுக்கி, அவரே ஓட்டி வந்த பெட்டியையும் கொட்டினார். கேட்டதற்கு, "வர்ற வழில டீ குடிக்க எறங்குனேன்" என்றார்.

டாக்டர் அவருக்குப் பிரஷர் பார்க்க வந்தபோது, "மொதல்ல உங்க கைல கட்டிப் பாருங்க. மிஷின் சரியா இருக்குதான்னு தெரியோணுமில்ல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். பாவம், அந்த டாக்டருக்குத்தான் பிரஷர் கூடுதலாக இருந்ததாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவர் எங்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கக் கிளம்பினதுதான் கதை.

குடோனில் நாங்கள் ஒரு டஜன் பெண்கள் தரம் பிரிக்கிற வேலை பார்த்தோம். என் பக்கத்தில் உட்காருகிறவள் ருக்குமணி. நான் பேசாததற்கெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். ஒரு சீசன் ஆரம்பத்தில், முதல் செந்தூரக் காய் வந்த வாரம், பெட்டியைத் தூக்கப் போனவள் அப்படியே காய் மேலே சரிந்தாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் வால்வு பழுது என்றார்கள். மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள்.

எங்களைப் போன்ற சீசன்காரர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாதென்று சொல்லிவிட்டார்கள். அரசாங்க இன்சூரன்ஸ் கார்டுக்கும் வழியில்லை. ஆள் முதலமடையில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், ஆனைமலையில் மகன் வீட்டில். இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே போ. கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கிற அளவுக்கு முதலாளியும் பெரிய ஆளில்லை. அது பூவெல்லாம் பூச்சி விழுந்து கொட்டிப்போன வருஷம். குடோன் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து குரூப் இன்சூரன்ஸ் எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த நாளே டை கட்டின ஒரு ஏஜெண்ட் வந்தார். வழவழ காகிதத்தை விரித்து, அந்த வசதி, இந்த வசதி என்று வாசித்தார். சந்தேகம் அதை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"மேல்வரிசை நல்லாத்தான் இருக்குது. அடில என்ன வெச்சிருக்கறீங்க?"

அடியில் ஒரு வயசுக் கோடு இருந்தது. அதைத் தாண்டினவர்களைச் சேர்க்க முடியாதாம். எங்களில் மூத்தது நானும் பொன்னாத்தாளும். நாங்கள் இரண்டு பேரும் நிச்சயம் வெளியே.

"ரெண்டு பேர்தானே சார். மத்தவங்களுக்கு எடுத்துடலாம்" என்றார் ஏஜெண்ட்.

"கெழவிகளுக்குத்தானுங்க சீக்கு வரும். சீக்கு வராதவளுக்கு எடுத்துக்குடுத்து நான் என்ன பண்றது?" என்று காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார்.

ருக்குமணி என்னை முழங்கையால் இடித்தாள். "பாத்தியாக்கா, உன்ற மேல எம்புட்டுப் பாசம்னு." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு கம்பெனியாக வந்தது, ஒவ்வொன்றையும் கொட்டிப் பார்த்தார். ஒரு கம்பெனி தன் கார்டை எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் கொடுத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி, கோயமுத்தூர் என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்தார். அதில் ஒன்று, பூட்டிக் கிடக்கிற பல் ஆஸ்பத்திரியாம். "கதவைத் தட்டுனேன். உள்ளாற இருந்து புறாதான் வந்துச்சு" என்றார். அந்தக் கம்பெனியும் போனது.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். சீசன் ஓடிக்கொண்டிருந்தது. செந்தூரம் போய் பங்கனப்பள்ளி வந்தது. ருக்குமணி சிரித்தால் மூச்சு வாங்கும் என்று சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள்.

கடைசிக் காய் லாரி போன பிறகுதான் அவருக்குப் பிடித்த கம்பெனி கிடைத்தது. கிழவிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடப்போகிற நேரத்தில் அந்த ஏஜெண்ட் ஒரு வார்த்தை விட்டார்.

"இது வருஷம் பூரா வேலை செய்யறவங்களுக்குத்தான் சார். உங்க ஆளுங்க சீசனுக்கு மட்டும் வர்றவங்க. பரவால்ல, பர்மனென்ட்னு எழுதிக்கலாம். யாரு வந்து பாக்கப்போறாங்க?"

சந்தேகம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நானா இருந்தா வந்து பாப்பேன். அங்கயும் என்னாட்ட ஒருத்தன் உக்காந்திருப்பான்."

"அப்ப என்ன சார் பண்றது?"

"வருசம் பூரா வேல குடுக்கறது."

வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. ஊரில் ஒரு மாங்காய் கிடையாது. அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டு தினமும் காலை குடோனுக்குப் போனோம். முந்தின நாள் கழுவின பெட்டிகளைக் கழுவினோம். கூரை வரைக்கும் அடுக்கினோம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பிரித்து, எதிர்ச் சுவரில் அடுக்கினோம். பாதிக் கூலியானாலும் சனிக்கிழமை தவறாமல் கொடுத்தார். வெறும் பெட்டியைக்கூட அவர் கவிழ்த்துப் பார்த்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். ஒரு பெட்டி கோணலாக இருந்தால், "இதான் அடுக்கற லட்சணமா?" என்று திட்டுவார். மாங்காய் இருக்கிற காலத்தில்கூட அவ்வளவு திட்டியதில்லை.

ருக்குமணியால் தூக்க முடியாது. "சும்மா உக்காந்திரு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டிகளில் ஒட்டியிருந்த பழைய லேபிளைச் சுரண்டுகிற வேலை கொடுத்தார். "ஏனுங் மொதலாளி, இதுக்குச் சம்பளமுங்களா?" என்று அவள் கேட்டாள். "கம்பெனிக்காரன் வந்து கேட்டா நெசத்தைச் சொல்லோணுமில்ல, என்ன வேலை பாக்கறேன்னு" என்றார். அவள் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பாள். மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் மூச்சுச் சத்தம் கேட்கும்.

கார்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டார்கள். பாலிசி எடுத்த உடனே இவ்வளவு பெரிய வைத்தியமா என்று கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆடி மாதம், கொட்டுகிற மழையில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தர் வந்து நின்றார். விசாரிக்கிற ஆபீசர். மலையாளத்துக்காரர், தமிழ் பேசினார்.

சந்தேகம் அவரை உள்ளே விடவில்லை. அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். கம்பெனிக்குப் போன் போட்டு, அப்படி ஒரு ஆள் உண்டா, மூக்கில் மச்சம் உண்டா என்று கேட்டார். அதுவரை அந்த மனிதர் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

உள்ளே வந்தவர், கூட்டத்தில் யார் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள் என்று பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

"அம்மா, இவிடெ மாங்கா எங்கே?"

"இல்லீங்க."

"பின்னே என்ன வேலை?"

"பொட்டி அடுக்கறமுங்க."

"அடுக்கிட்டு?"

"பிரிப்பமுங்க."

"பிரிச்சிட்டு?"

எதிர்ச் சுவரைக் காட்டி, "அந்தச் செவுத்துல அடுக்குவமுங்க" என்றேன்.

அவர் போய் ஒரு அடுக்கின் அடிப்பெட்டியை இழுத்து, விரலால் துடைத்து, தூசி இருக்கிறதா என்று பார்த்தார். ருக்குமணி என் காதில், "அக்கா, நம்மாளுக்குச் சோடி வந்திருச்சு" என்றாள். டீ கொடுத்தபோது அவர் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். சந்தேகம் அதைக் கண் எடுக்காமல் பார்த்தார். ஒரு மனிதரை அவர் மரியாதையோடு பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

போகும்போது ஆபீசர் ருக்குமணி முன்னால் நின்று, அவள் சுரண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல வேலைக்காரி" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே அனுமதி வந்துவிட்டது.

கோயமுத்தூரில் ஆபரேஷன். துணைக்கு நானும் போனேன். சந்தேகம் டாக்டரை வராந்தாவிலேயே மறித்தார்.

"ஏனுங் டாக்டர், அந்த வால்வு புதுசுதானுங்களா? ஆரு நெஞ்சுலயாச்சும் இருந்து கழட்டுனது இல்லீங்களே?"

"சீல் உடைக்காத டப்பாங்க" என்றார் டாக்டர்.

"சீலை நான் பாக்கலாமுங்களா?"

நல்ல டாக்டர். கொண்டுவந்து காட்டச் சொன்னார். நர்ஸ் கையிலிருந்த டப்பாவைச் சந்தேகம் தொடாமல், குனிந்து அடிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ருக்குமணி, "மொதலாளி, கொட்டிப் பாக்காம உட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தாள், கஞ்சி குடித்தாள், என்னோடு பேசினாள். ஊருக்கும் வந்தாள். மாமரம் பூக்கிறதுக்கு முன்னால் திரும்பவும் மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இந்தத் தடவை கூட்டிவர முடியவில்லை.

"வால்வு நல்லாத்தான் வேலை செய்யுது. ரொம்ப நாள் கஷ்டப்பட்ட இதயம். அதுக்கு மேல தாங்கல. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

சந்தேகம் அங்கேயே நின்றார். கார்டு செல்லுபடியானது. ஆஸ்பத்திரி சொன்னபடி நடந்துகொண்டது. வால்வு புதுசு, டாக்டர் நல்லவர். அவரவர் சொன்னதை அவரவர் செய்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகப்பட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் தன்னையே பிடித்துக்கொண்டார்.

இப்போதும் மழைக் காலத்தில் நாங்கள் பெட்டி அடுக்குகிறோம். பாலிசி ஓடுகிறது. பொன்னாத்தாளுக்குக் கர்ப்பப்பை எடுத்தது அதில்தான். என் கண்ணில் புரை எடுத்ததும் அதில்தான். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

மழை வலுத்தால் அவர் என் பக்கத்தில் வந்து நிற்பார். பெட்டியைப் பார்ப்பது போல நிற்பார். எனக்குத் தெரியும், என்ன கேட்கப் போகிறார் என்று.

"அம்மிணி, மொதல்ல வந்தவன்கிட்டயே கையெழுத்துப் போட்டிருந்தா, அவ பொழைச்சிருப்பாளா?"

"இல்லீங்க. அதுல அறுபது வயசு வரைக்குந்தானுங்க. ருக்குமணிக்கு அறுவத்திரண்டு. அவளைச் சேத்தே இருக்க மாட்டாங்க."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். வேறு யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வதில்லை. அவர் விசாரிக்காமல் நம்புகிற பேச்சு இந்த உலகத்தில் இது ஒன்றுதான். அடுத்த மழைக்கு வந்து மறுபடியும் கேட்பார், நானும் மறுபடியும் சொல்வேன். பத்திரிகை படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அச்சில் வந்ததை அவர் நம்புவதில்லை.

அன்றைக்கு அந்த டை கட்டினவர் அறுபது என்றாரா, அறுபத்தைந்து என்றாரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பெட்டி உருட்டுகிற சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. இன்சூரன்ஸ் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அறுபதோடு நிறுத்துகிற பாலிசி அப்போது இருந்ததா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். நான் சொன்னது தப்பாக இருந்தால் எனக்கு மட்டும் சொன்னால் போதும். அவருக்குத் தெரிய வேண்டாம்.