கார் கதவைத் தட்டிக் கேட்பவர்

காரில் ஏறுகிறவர்கள் எல்லோரும் எங்கேயாவது போய்ச் சேருவதற்காகத்தான் ஏறுகிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்கள் அனுபவம் போதாது. கேட்பதற்காகவே ஏறுகிற ஓர் இனம் இருக்கிறது. பார்க்க நம்மைப் போலத்தான் இருக்கும். வேலைக்குப் போகும், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும், சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நிற்கும். ஆனால் அடுத்தவர் காரில் உட்கார்ந்ததும், பெல்ட்டை இழுப்பதற்கு முன்பே, விரல் முட்டியால் கதவின் உள்பக்கத்தை இரண்டு தட்டு தட்டும், டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு உதட்டைப் பிதுக்கும்.

"உள்ள ஒண்ணுமே இல்ல சார். வெறும் தகரம்."

கார்க்காரர் முகம் செத்துவிடும். அவர் நேற்றுவரை அந்தக் காரில் சந்தோஷமாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர்.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் சவுண்டு சார். கார் கம்பெனி எஞ்சினை ஒழுங்காகச் செய்தது, பிரேக்கை ஒழுங்காகச் செய்தது, ஸ்பீக்கரில் மட்டும் தன்னை ஏமாற்றிவிட்டது என்பது அவருடைய முடிந்த முடிவு. இதைக் குறைந்த செலவில் சரிசெய்துவிடலாம் என்பது அதைவிட முடிந்த முடிவு. அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்றே ஒன்று: "இதோட முடிஞ்சுது."

முதலில் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டை மட்டும்தான் மாற்றுவதாக இருந்தது. கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்றார். அதற்குக் கூலி என்றதும் சாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளி விழித்துக்கொண்டார். அடுத்த விடுமுறை நாள் காலையில் இரண்டு கதவும் தோலுரிந்து நின்றன. பழைய பிளக் புது ஸ்பீக்கரில் சேரவில்லை. சேரும்படியான இணைப்பு வயர் அதே கடையில் இருக்கிறது. அதற்கு ஏன் தண்டம் அழவேண்டும் என்று பிளக்கையே வெட்டி, வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, எட்டு ஸ்க்ரூவில் ஆறை முடுக்கி, மிச்சம் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டுவிட்டானாம்.

பாட்டு போட்டார். மேல்சத்தம் கண்ணாடி மாதிரி கேட்டது. வயிற்றில் வந்து இடிக்குமே அந்த மேளச் சத்தம், பேஸ் என்கிறார்களே, அதைக் காணவில்லை.

வேறொருவராக இருந்தால் என்ன செய்வார்? மாட்டியதில் ஏதோ கோளாறு என்று கதவைக் கழற்றி வயரைப் பார்ப்பார். சவுண்டு சாரும் கதவைக் கழற்றினார். வயரைப் பார்த்தாரா? அது அவரே மாட்டியது, அதில் பார்க்க என்ன இருக்கிறது? கோளாறு கதவில்தான். கதவின் அதிர்வை அடக்க உள்ளே ஒட்டும் ஷீட் என்று ஒன்று விற்கிறது, விலை அதிகம். மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவு. இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு. இதுவும் ஒட்டும், அதுவும் ஒட்டும். ஒட்டினார். வெயில் ஏறியதும் காருக்குள் ரோடு போடுகிற வாசனை வந்தது. மேளம் வரவில்லை.

இதோட முடிஞ்சுது என்று ஓர் ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கு அடியில் போனது. வரவில்லை. நிஜமாகவே இதோட முடிஞ்சுது என்று, யாரோ கழற்றிப் போட்ட பேஸ் பெட்டி ஒன்று டிக்கி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. அன்றுமுதல் மளிகைப் பை மனைவியின் மடியில், பள்ளிப் பை மகளின் மடியில். பாட்டு போட்டால் முன்னால் ஒருவர் பாடுவதும், பின்னால் யாரோ பீரோ நகர்த்துவதும் தனித்தனியாகக் கேட்டன.

மனைவி கணக்கு டீச்சர். எதையும் நிபந்தனையோடு சொல்கிறவர்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் நம்ம வண்டியிலதான் வர்றாரு. மூணு மணி நேரம். அவரு வாயால பாட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரட்டும், நான் ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன். வரலையா, பெட்டி, மெஷினு, தாரு எல்லாம் வெளிய போகணும். பழைய ஸ்பீக்கர நான் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

மச்சானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு "பரவால்ல" என்றவர் அவர். அந்த வாயிலிருந்து வரவேண்டும்! சவுண்டு சார் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் முன்சீட்டில் ஏறினார். மூக்கை உறிஞ்சினார். "எங்கயோ ரோடு வேல நடக்குது போல" என்றார். சவுண்டு சார் அவசரமாகக் கண்ணாடியை இறக்கி, பாட்டைப் போட்டு, ஊர் எல்லை தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"எப்படி இருக்கு மச்சான்?"

"நல்லா இருக்கு மாப்ள. போன வருஷம்கூட குண்டும் குழியுமாக் கெடந்துச்சு. இப்ப நல்லாத்தான் போட்டிருக்காங்க."

பின்சீட்டிலிருந்து தீர்ப்பு வந்தது. "ரோடு கணக்குல சேராது."

ஒரு மணி நேரம் போயிற்று. மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு அவருக்கு போன் வந்தது. "மாப்ள, என் பக்கச் சத்தத்த மட்டும் நிறுத்துங்களேன், ஒண்ணும் காதுல விழல." சவுண்டு சார் சத்தத்தை இடம் வலமாகப் பிரிக்கும் குமிழைத் துக்கத்தோடு திருகித் தன் பக்கக் கதவு மட்டும் பாடும்படி வைத்தார்.

மேளம் வந்தது. நிஜ மேளம். வயிற்றில் வந்து இடித்தது.

"அப்பா! பாதிய அமத்துனதும் பாட்டு பெருசாயிடுச்சு!" என்றாள் மகள்.

"சும்மா இரு. அதெல்லாம் பிரமை."

இரண்டு கதவும் பாடும்படி திருப்பினார். மேளம் போயிற்று. ஒற்றைக் கதவுக்குக் கொண்டுவந்தார். வந்தது. போயிற்று. வந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியது. மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

சாலையோரத்தில் ஒரு பேட்டரி கடை. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டார், சிரிக்கவில்லை, மச்சான் பக்கக் கதவைக் கழற்றினார்.

"யாரு சார் மாட்டினது?"

"ஒரு… தெரிஞ்ச ஆளு."

"அந்த ஆள இனிமே வண்டிகிட்ட விடாதீங்க. இந்தக் கதவுல மட்டும் ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்திருக்கான். அந்த ஸ்பீக்கர் முன்னால தள்ளும்போது இது பின்னால இழுக்குது. ரெண்டும் மல்லுக்கட்டுனா மேளம் எங்கேருந்து வரும்?" கையை வெளியே எடுத்துப் பார்த்தார். "உள்ள என்ன சார், தார் ரோடா?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

இரண்டு வயரை இடம் மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டு போட்டார்கள். இரண்டு கதவும் ஒற்றுமையாகப் பாடின. கடைக்காரர் டிக்கியைத் திறந்து, "அப்ப இந்தப் பெட்டி எதுக்கு?" என்று அதன் வயரையும் பிடுங்கினார். ஒரு குறையும் இல்லை. மச்சான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், யாரும் கேட்காமலே, சொன்னார்.

"நல்லா இருக்கு மாப்ள."

சவுண்டு சார் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். மனைவி சொன்ன சொல் தவறாதவர். "சரி, இனி நான் வாயத் தொறக்கல" என்றார். "டிக்கிய மட்டும் தொறந்துக்கிறேன்." பெட்டியைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு மடியில் இருந்த பைகள் எல்லாவற்றையும் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டு தரப்புக்கும் வெற்றி. இதோடு முடிந்திருக்கவேண்டும்.

புதன்கிழமை மச்சானிடமிருந்து போன். குரல் தாழ்ந்திருந்தது. "மாப்ள, உங்க வண்டியில கேட்டதுலருந்து, என் வண்டியில மேளம் கொஞ்சம் தள்ளி நிக்கிற மாதிரியே இருக்கு. ஸ்பீக்கர் மாத்தணுமோ?"

தன்னால் ஏற்பட்ட இத்தனை கூத்துக்கும் பிறகு ஒரு மனிதர் இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும்?

"எந்தக் கடைக்கும் போயிடாதீங்க மச்சான். ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டித் தர்றேன்."

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்த வியாதி கிடையாது, நல்லது. ஒற்றைக் கதவுக்குத் திருகினால் மேளம் வருகிறதா என்று உங்கள் காரிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எழுந்திருக்கிறீர்கள். அதில் தப்பே இல்லை, போய் வாருங்கள். ஆனால் திருகிப் பார்க்க இரண்டு விரல் போதுமே. கையில் அந்த ஸ்க்ரூடிரைவர் எதற்கு?