பர்மனென்ட் கண்ணகி

நாட்டில் ஏழைகள் இருக்கிறார்கள் என்கிற செய்தியே, தொலைக்காட்சி வந்து சொன்ன பிறகுதான் ஏழைகளுக்குத் தெரிந்தது. இந்த மாபெரும் சேவையை நெய்வேலிக்கு எடுத்துவந்தவர் ஆவணப்பட இயக்குநர் இளவழகன். வாக்குத் தவறாத மனிதர்.

நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் கண்ணகியை அவர் 'தேர்ந்தெடுத்தார்'. கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள். மகள் பவித்ரா பிளஸ் டூ வந்த பிறகும் கான்ட்ராக்ட்தான்.

"இந்தப் படம் வந்துட்டா நீங்க பர்மனென்ட்மா!" என்றார் இளவழகன். திரையில் அழியாப் புகழ் என்று அவருக்கு அர்த்தம். நெய்வேலியில் அந்தச் சொல்லுக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பென்ஷன் என்று அர்த்தம். கண்ணகி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"மெய்யாலுமாங்க? நான் என்னா செய்யணுங்க?"

"நீங்க நீங்களாவே இருந்தா போதும்."

அவள் அவளாகவே இருக்கப் பல ஏற்பாடுகள் தேவைப்பட்டன. மிக்சி கட்டிலுக்கு அடியில் போனது. 'யதார்த்தத்தைக் கெடுத்த' கேஸ் அடுப்பு பக்கத்து வீட்டுக்குப் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, அந்த இருட்டு நன்றாகத் தெரியவேண்டும் என்று ஜெனரேட்டர் வைத்து விளக்குப் போட்டார்கள்.

"அழுங்கம்மா."

"பர்மனென்ட் ஆவப்போற நேரத்துல எவளாச்சும் அழுவாளாங்க?" என்று சிரித்துவிட்டாள்.

சிரிப்பு வறுமைக்குப் பொருந்தவில்லை. "சரி, கையில கிளவுஸ் இல்லியே, யார் தரல?" என்று நைசாகக் கேட்டார். கான்ட்ராக்டர் செய்கிற அநியாயத்தை எல்லாம் கண்ணகி கொட்டித் தீர்த்தாள். கண்ணீரும் வந்தது. "பிரமாதம்!" என்றார் இளவழகன்.

படம் ஒளிபரப்பான மறுநாளே கான்ட்ராக்டர் அவளுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். படத்துக்கோ 'மனிதநேய விருது' கிடைத்தது. கண்ணகி போன் போட்டாள்.

"சார், பர்மனென்ட் ஆர்டர் எப்போ வரும்? வேலயும் பூடுச்சி. வூட்ல அடுப்பு எரியலங்க."

"நிஜமாவா?" இளவழகன் குரலில் கருணை பொங்கியது. "அப்படியே இருங்கம்மா, அடுப்பைப் பத்த வெச்சுடாதீங்க! ரெண்டாம் பாகம் எடுத்துடலாம்."

"வாங்க சார். இந்த வாட்டி எதையும் ஒளிக்கத் தேவயில்ல. மிக்சியும் அடுப்பும் வித்தாச்சு. நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. இது நாள் வரிக்கும் நான் ஏழையா இருந்ததுகூட கான்ட்ராக்ட்லதான். இப்ப அதுல பர்மனென்ட் பண்ணிட்டீங்க!"