கொஞ்சம் நகருங்க, நான் பாக்குறேன்

உலகத்தில் கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் ஒரு வகை, தெரிந்தவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் நமக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. தெரியாதவர் தொடமாட்டார், தெரிந்தவர் கூப்பிட்டாலும் வரமாட்டார். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது. கூப்பிடாமலே வரும். செருப்பைக் கழற்றும்போதே சட்டைக் கையை மடித்துவிடும். நேரே கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று, மூன்று முறை "ம்ம்" கொட்டிவிட்டு, தன் குலமந்திரத்தைச் சொல்லும்: "கொஞ்சம் நகருங்க, நான் பாக்குறேன்."

நகர்ந்தீர்களோ, போச்சு. அந்த நாற்காலி அன்றைக்கு உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். சாவிக்கொத்தில் குட்டி ஸ்க்ரூ டிரைவர் தொங்கும். சட்டைப் பையில் யார் வீட்டுடையது என்று தெரியாத ஸ்க்ரூ ஒன்று கிடக்கும். மிஷின் கெட்டுப்போனால் மிஷினைப் பார்க்காது, முதலில் உங்களைப் பார்க்கும். "என்ன பண்ணீங்க?" என்று கேட்கும். நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்றால், "ஒண்ணும் பண்ணாம எப்படி ஹேங் ஆகும்?" என்று கேட்கும். இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்காவது ஒரு வக்கீல் உண்டு.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நம்பமாட்டீர்கள். இந்த இனத்தில் நல்ல வளர்ந்த உருப்படி ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அவர் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டுச் சின்ன மகளின் கணவர். பெரிய மகள், அதாவது அக்கா, புத்தகங்களைத் தட்டச்சு செய்து, அச்சுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவள். அவளிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கும்போது வெள்ளையாக இருந்து, இப்போது பல் விளக்காதவன் பல் மாதிரி மஞ்சளாகிவிட்ட பெட்டி. மேஜைக்கு அடியில், அவள் காலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே கிடக்கும். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுடைய பழைய தமிழ் எழுத்துருக்கள் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கும் கடிதம்கூட நட்சத்திரமும் கேள்விக்குறியுமாகக் கெட்ட வார்த்தை பேசுவதுபோல் இருக்கும். ஆகவே அந்தப் பெட்டிதான் அவளுக்குக் கை, கால், சோறு எல்லாம்.

அந்தப் பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன தடவை வந்த மாப்பிள்ளை அதற்கு 'சர்வீஸ்' செய்தார். உள்ளே தூசி போகிறது என்று கண்டுபிடித்து, பார்சல் ஒட்டும் காக்கி டேப்பை எடுத்து, பெட்டியின் பக்கத்திலும் முதுகிலும் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல், சுருக்கம் இல்லாமல், ஒரு கலைஞனின் பொறுமையோடு ஒட்டி அடைத்தார். "இனிமே ஒரு எறும்பு உள்ள போகாது அண்ணி," என்றார். உண்மைதான். எறும்பு போகவில்லை.

அன்றிலிருந்துதான் பெட்டி ஹேங் ஆக ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். அம்புக்குறி நடுத்திரையில் உறைந்து நிற்கும். மூலையில் இருக்கும் கடிகாரமும் நின்றுவிடும். விசையை அழுத்தி, நிறுத்தி, மறுபடி போட்டால் இன்னும் கொஞ்ச நேரம். இப்படி விக்கி விக்கித்தான் அக்கா ஒரு புத்தகத்தை முடித்துக்கொண்டிருந்தாள். ரிட்டயர் ஆன ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் கதையைத் தானே எழுதியிருந்தார். மறுநாள் அவருக்குத் தொண்ணூறு வயது. புத்தகத்தை அவர் கையில் கொடுப்பதாகப் பிள்ளைகள் ஊரையே கூட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போனால்தான் காலையில் புத்தகம். இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி.

அன்று காலையிலும் பெட்டி நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் கடைசி முறையாகப் பச்சைக்கொடி பிடிக்கும் இடம். கொடியைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் அக்காவின் கணவர் ஒரு தப்பு செய்தார். நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்கள்தானே இந்த மாதிரித் தப்புகளைச் செய்கிறார்கள். போனில் மச்சினியிடம் பேசும்போது, "உங்க அக்கா கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துடுச்சும்மா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்படியா அத்தான்? அவர் இங்க சும்மாதான் இருக்காரு. அனுப்பி வெக்கிறேன்."

"ஐயையோ, வேண்டாம்னு சொல்லுங்க," என்று அக்கா உள்ளிருந்து ஓடி வந்தாள். அதற்குள் போன் வைத்தாகிவிட்டது. அந்தத் தங்கை எவ்வளவு காலமாக இப்படி ஒரு வாய்ப்புக்குக் காத்திருந்தாளோ. வீட்டில் சும்மா இருக்கும் கணவரும் ஸ்க்ரூ டிரைவரும் சேர்ந்தால் அவள் மிக்ஸிக்கு ஆபத்து இல்லையா?

வந்துவிட்டார் மாப்பிள்ளை. "ம்ம்." ஒரு நிமிடம். "ம்ம்." இன்னொரு நிமிடம். "ம்ம். கொஞ்சம் நகருங்க அண்ணி, நான் பாக்குறேன்."

"மாப்பிள்ளை, அஞ்சு மணிக்குள்ள ஒரு புஸ்தகம் அனுப்பணும்..."

"அஞ்சு நிமிஷ வேலை. நீங்க இந்த டார்ச்சைப் பிடிச்சுக்கங்க."

இருபது வருடம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவள் டார்ச் பிடிக்கும் ஆளாகிவிட்டாள். மாப்பிள்ளை ஸ்க்ரூக்களைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே பார்த்துவிட்டு நெடுமூச்சு விட்டார். நோயாளியின் உறவினர்கள் காதில் விழும்படி டாக்டர்கள் விடுவார்களே, அந்த மூச்சு. பிறகு ரேமைப் பிடுங்கி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பச் செருகினார். பெட்டியைப் போட்டார். ஓடியது. நிற்காமல் ஓடியது.

"ரேம்தான் அண்ணி," என்றார். ரேம் என்றால் என்ன, அது மனிதனின் ஞாபகசக்தி போல எப்படி வேலை செய்கிறது, வெளியூர்களில் இதற்கு என்னென்ன செய்கிறார்கள் என்றெல்லாம் அரைமணி நேரம் விளக்கினார். அவ்வளவு நேரமும் பெட்டி சமர்த்தாக ஓடியது. தகட்டை மூடி, ஸ்க்ரூக்களை முடுக்கி, எழுந்து, கை கழுவிவிட்டு வந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நாலு வரி தட்டினாள்.

ஹேங்.

வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டியிருக்கும். இந்த இனத்துக்கு அது கிடையாது. "அப்ப வைரஸ்," என்றார் மாப்பிள்ளை. மறுபடி திறந்தார். வைரஸைப் பார்க்கத் தகட்டை எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் விளக்கம் உண்டு. திறந்ததும் ஓடியது. மூடினார், நின்றது. "ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குது," என்றார். திறந்தார், ஓடியது. மூடினார், நின்றது. "உங்க வீட்டுல கரண்டே சரியில்ல அண்ணி." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஸ்க்ரூ ஒன்று குறைந்துகொண்டே வந்தது.

இதற்கிடையில் அச்சகத்துக்காரர் போன் செய்தார். "என்னம்மா, மிஷின் சும்மா நிக்குது. அந்தப் பெரியவர் வேற காலையில இருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாரு." அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இதோ வந்துடும் சார்," என்றாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். முகத்தில் ஒரு தெளிவு. "ஒரே வழிதான் அண்ணி. மொத்தமா அழிச்சுட்டு புதுசா போட்டுடலாம்."

"மாப்பிள்ளை, புஸ்தகம் முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு."

"அதெல்லாம் ஒரு ஓரமா எடுத்து வெச்சுட்டுத்தான் செய்வேன்."

போன வருஷம் குடும்பப் போட்டோக்களையும் இப்படித்தான் ஒரு ஓரமாக எடுத்து வைத்தார். அவை எந்த ஓரத்தில் இருக்கின்றன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரே மனிதர். அக்காவுக்கு 'தொடாதே, எழுந்து போ' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்த முடியுமா? வேலைக்கு வந்த மெக்கானிக்காக இருந்தால் கத்தலாம். இவர் மாப்பிள்ளை. ஒரு சொல் தடித்தால் முகம் தூக்கிக்கொள்வார். அவர் முகம் தூக்கினால் தங்கை அழுவாள், தங்கை அழுதால் அம்மா போன் செய்வாள். ஒரு கம்ப்யூட்டரோடு போக வேண்டியது ஒரு குடும்பத்தோடு போகும்.

தாங்க முடியாமல் குனிந்து, மூடியிருந்த பெட்டியின் மேல் கையை வைத்தாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. கையை எடுத்தவள் கண்ணில் காக்கி டேப் பட்டது. திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது. மூக்கையும் வாயையும் பொத்தினால் யார்தான் நிற்காமல் ஓடுவார்கள்?

அவள் நிமிர்ந்தபோது குரல் தேனாக இருந்தது. "மாப்பிள்ளை, இவ்ளோ பெரிய வேலைய வெறும் வயித்தோட ஆரம்பிக்கலாமா? முதல்ல சாப்பிட்டுடுங்க."

"முடிச்சுட்டே..."

"நீங்க சாப்பிடாம இருந்தா என் தங்கச்சி என்னைத்தான் திட்டுவா."

மாப்பிள்ளை எழுந்தார். ஆனால் இந்த இனம் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடும். அக்கா கணவரைப் பார்த்தாள். கணவர் அக்காவைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு பெரிய விஷயத்தை அவர்கள் பேசாமல் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கணவர் சட்டைப் பையிலிருந்து மெதுவாகத் தன் போனை எடுத்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத போன். ஒரு குறையும் இல்லாதது. அதைக் கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"சகலை," என்றார், "என் போன்கூட கொஞ்சம் ஸ்லோவா இருக்கற மாதிரி இருக்கு."

மாப்பிள்ளையின் கண்கள் மின்னின. "இப்படிக் கொடுங்க, நான் பாக்குறேன்."

இதைவிடப் பெரிய தியாகத்தை எந்தக் கணவன் செய்திருக்கிறான்? சாப்பாட்டு மேஜையில் பலியாடு மல்லாந்து கிடந்தது. இங்கே அக்கா சமையலறைக் கத்தியால் டேப்பைக் கீறி, கிழித்து, சுருட்டி எறிந்தாள். தகட்டையும் கழற்றிப் போட்டாள். மேஜை விசிறியை இழுத்து வந்து பெட்டிக்கு நேராக வைத்து முழு வேகத்தில் முடுக்கினாள். தாள்கள் பறந்தன, முடி பறந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியை ஆட்டினார். வண்டி கிளம்பியது. கடைசி ஊர், கடைசி நாள், பிரிவு உபசாரம், நன்றியுரை என்று ஒரு ஸ்டேஷனிலும் நிற்காமல் விரல்கள் ஓடின. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஐந்து மணி அடிக்கும்போது பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. "வந்துடுச்சும்மா," என்று அச்சகத்துக்காரர் சொன்னதும் அவள் நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருந்தாள்.

மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் குழம்பினார். ஒரு கணம்தான். "பாத்தீங்களா அண்ணி? காலையில நான் பண்ணினது இப்பதான் செட் ஆகியிருக்கு. கொஞ்ச நேரம் எடுக்கும்."

"எல்லாம் உங்க கைராசி, மாப்பிள்ளை."

"அது சரி, டேப்பை யாரு எடுத்தது?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையிலிருந்து புது டேப் உருளையை எடுத்து, தகட்டை மாட்டி, சுருக்கம் இல்லாமல், அன்போடு, ஓட்டைகளை மறுபடியும் அடைத்தார். புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை கணவர் வாசலில் கையசைத்தார். திரும்பியதும் உள்ளே போய் டேப்பைக் கிழித்தார். அவருடைய போன் அதற்குப் பிறகு வேறு ஏதோ தேசத்து மொழியில்தான் பேசுகிறது. யாராவது கூப்பிட்டால் பச்சை நிறமாகத் தெரிவதை அழுத்துகிறார்.

மறுநாள் அச்சகத்துக்காரர் போன் செய்து, பெரியவர் புத்தகத்தை வாங்கியதும் பிரிக்காமல் முதலில் முகர்ந்து பார்த்தார் என்று சொன்னார். அக்கா அன்றைக்கு முழுவதும் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

மாப்பிள்ளையை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கலாமா? மேலே காக்கி டேப் வந்த உடனேயே, 'அடடா, காத்து போகாதே' என்று உங்களுக்குப் பட்டதா இல்லையா? அக்கா தடுமாறும்போது, 'டேப்பை எடும்மா' என்று நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? உங்களில் சிலர், 'சூடு மட்டும் இல்லை, உள்விசிறியையும் பார்க்கணும், அந்தம்மா விலாசம் கிடைத்தால் ஒரு எட்டு போய்' என்றுகூட யோசித்திருப்பீர்கள். நியாயம்தான். நீங்கள் தெரிந்தவர், மாப்பிள்ளைதான் தெரியாதவர். அவரும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு போனார்.

எதற்கும் உங்கள் சட்டைப் பையில் கையை விட்டுப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ தட்டுப்படுகிறதா? அது யார் வீட்டுடையது?