சகலனை விடப் பெரிய ஏசி

எனக்குப் பொறாமைக் குணம் இல்லை என்று பல வருடங்களாக நம்பியிருந்தேன். என் சகலன், அதாவது மனைவியின் தங்கை கணவர் தயாபரன், கிளிநொச்சியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று.

வந்தவர் படுக்கையறைக்கு ஏசி பூட்டினார். "தயாபரன்ரை ஏசி சத்தமே போடாது" என்று என் மனைவி ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னாள். (எங்கள் பழைய ஏசி நெல் ஆலை போல இரைந்து, மாரி தொடங்கியதும் ஒரேயடியாக ஓய்ந்திருந்தது.)

புதிது வாங்கப் போனேன். கடை மெக்கானிக் கவனமானவர்.

"பழைய மெசின் ஓடின மாசத்துக் கரண்ட் பில்லும், பழுதான பிறகு வந்த பில்லும் கொண்டுவாங்கோ அண்ணை. யூனிட் வித்தியாசத்தைப் பாத்தா அது எவ்வளவு இழுத்ததெண்டு தெரியும். அதுக்கேத்த அளவிலை புதுசு போடலாம்."

கொண்டுபோனேன். பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு இழுத்திருக்கே? கிணத்து மோட்டர் ஏதும் இந்த மீற்றரிலை ஓடுறதோ?"

ஓடியது. வெயில் காலம் முழுக்க மிளகாய்த் தோட்டத்துக்கு அதுதான் தண்ணீர் இறைத்தது. மழை வந்ததும் நின்றது. ஆனால் தயாபரனின் ஏசியின் அளவு பன்னிரண்டாயிரம் பீரியூ என்று எனக்குத் தெரியும். (பீரியூ என்றால் என்னவென்று தெரியாது. எண் கூடினால் நல்லது என்று மட்டும் தெரியும்.)

"மோட்டரோ? இல்லை" என்றேன்.

இருபத்திநாலாயிரம் பீரியூ மெசின் வந்தது. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு!

ஞாயிறு மத்தியானம் தயாபரன் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டு, சோற்றுக் கோப்பைகளோடு அந்த அறையிலேயே இருத்தினேன். மூன்று நிமிடத்தில் விறைத்தது. நான் ஏசியைப் பார்க்கவில்லை, தயாபரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெசின் தானாக நின்றது. ஈரப் புழுக்கம் ஏறியது. மறுபடி ஓடியது, விறைத்தது, நின்றது. பொரித்த அப்பளம் நனைந்த கடதாசி போல மடிந்தது. மச்சாள், தயாபரனின் மனைவி, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு தும்மத் தொடங்கினாள்.

"நல்ல குளிர் அண்ணை" என்றார் தயாபரன், பல் கிடுகிடுக்க. அதில் நக்கல் துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் மெக்கானிக் வந்தார். "அறைக்கு மிஞ்சின மெசின் அண்ணை. கெதியாக் குளிராக்கிப்போட்டு நிண்டுடுது. காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்க அதுக்கு நேரமில்லை." பிறகு காதைத் தீட்டினார். மழை விட்டிருந்ததால் வெளியே மோட்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப அது?"

"எங்கடைதான்" என்றாள் மனைவி. "தயாபரனை நினைச்சா இவருக்கு மோட்டர் சத்தமும் கேக்காது."

ஏணி பிடிக்க வந்திருந்த தயாபரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

"அண்ணை, எங்கட ஹோல் பெரிசு. இதை அங்கை பூட்டுவம். என்ரையை நீங்கள் எடுங்கோ."

இப்போது அவருடைய சின்ன ஏசி எங்கள் அறையில் அளவாகக் குளிர்கிறது. பூநகரியிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நேரே அவர் ஹோலுக்குத்தான் போவார்கள். "தயாபரன் வீட்டிலை என்ன குளிரப்பா!" என்று யாராவது சொன்னால், அவர் மரியாதையோடு என் பக்கம் கை காட்டுவார்.

"அண்ணை அளந்து எடுத்தது."

அவ்வளவுதான். ஹோல் முழுக்கச் சிரிக்கும். கதிரை நுனியில் இருந்தபடி நானும் சிரிப்பேன், விறைத்துக்கொண்டு.