தர்பூசணியின் பகல் ஷிஃப்ட்

ஆண்டர்சன்பேட்டை,
திங்கள்.

பெங்களூர் பி.ஜி. ஹாஸ்டலில் எழுந்தருளியிருக்கும் அன்பு அத்தை குணசுந்தரி அவர்களுக்கு, வாணி விழுந்து வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம், தர்பூசணி தவிர. போனில் சொன்னால் நீங்கள் அழுவது கேட்கும், அதனால்தான் கடிதம்.

"இது நல்லா காய்ச்சா வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துடறேன்" என்று குத்தகை நிலத்தில் நட்டுவிட்டுப் போனீர்களே, அந்தக் கொடிகள் மத்தியானம் தலை தொங்கி, சாயந்திரம் நிமிர ஆரம்பித்தன. அப்பாவிடம் சொன்னேன். தங்க மைன்ஸ் மூடும் முன் கொஞ்ச காலம் சுரங்கத்தில் இறங்கியவர், பேச்சில் இன்னும் மேலே ஏறவில்லை. "அது பகல் ஷிஃப்ட் பாக்குது கண்ணு, களைச்சிருக்கு. ராத்திரி எந்துக்கும்" என்று சொல்லித் தண்ணீரை இரட்டிப்பாக்கினார். ஓவர்டைமாம். ஒரு சாயந்திரம் கொடிகள் நிமிரவில்லை, தரையோடு தர்ணா. தோட்டக்கலை ஆபீஸ் மமதா மேடம் வந்து தண்டைக் கீறினால் உள்ளே காபி நிறம். மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சை வேர் வழியாகப் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாயை அடைத்து, நஞ்சையும் கக்கி இலைவரை வாட்டுகிறதாம். நாம் ஊற்றிய தண்ணீரோ அதைப் பக்கத்துப் பாத்திக்கு டூர் அனுப்பியிருக்கிறது.

"அப்போ ஆள் ஏத்துற கேஜ் நடுவுல மாட்டிக்கிச்சு, ஷாஃப்ட்ல கேஸும் ஏறுது. அதானே மேடம்?" என்றார் அப்பா.

"ஹௌது கோவிந்தன், அதேதான்."

"இன்னா மருந்து?"

"இனிமே மருந்து இல்லைங்க. புடுங்கி எரிச்சிடுங்க."

அப்பா ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்று கொடியையே கேட்டார். நான் ஒரு ஜோக் சொன்னேன், சிரிக்கவில்லை. நல்ல ஜோக், அத்தை.

ஆகவே ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், மூன்று வேளையும் அவரே திட்டிக்கொள்கிறார். உங்கள் பி.ஜி. சாம்பாரில் பருப்பும் மானேஜர் மனதில் ஈரமும் பெருக வேண்டி முடிக்கும்,
வாணி.

பி.கு.: அழுதாயிற்றா? கண்ணைத் துடையுங்கள். கிணற்றோர வரிசை வாடவே இல்லை. நடுவதற்கு முன்பே அந்த நாற்றுகளை மட்டும் பூசணி வேரில் ஒட்டுக் கட்டியது நான்தான். தர்பூசணியில் ஏற்கெனவே பாதி பூசணிதானே! அடியில் பூசணி துளிர்த்ததும் நீங்கள் அலறுவதைப் பார்க்கத்தான் அப்படிச் செய்தேன். மமதா மேடம் குனிந்து பார்த்து, "பூசணி வேருல அந்தப் பூஞ்சை சுலபத்துல ஏறாதுங்க. அடுத்த தடவை மொத்தமும் இப்படியே கட்டுங்க. யாரு செஞ்சது?" என்றார். திட்டு விழுமென்று அப்பாவைக் கைகாட்டிவிட்டேன். ராஜினாமாவைக் கிழிக்காமல் மடித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதல் பழம் அறுக்கலாம். அதன் பக்கத்தில் கட்டில் போட்டு அப்பா நைட் ஷிஃப்ட் பார்க்கிறார்.