இறுதி இருமலில் நான் செத்த கதை

செத்த பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பெரியபிள்ளை ஆனால், கலியாணம் கட்டினால், பிள்ளை பெற்றால், எல்லாவற்றுக்கும் புத்தி சொல்ல முள்ளியவளையில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். செத்த ஆளிடம் வந்து, "இனி இப்படி இப்படித்தான் இரு" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் குறையால்தான் என் மருமகன் கயன் எடுத்த உளவாளிப் படம் நாசமாய்ப் போனது. என் மேல் பிழை இல்லை. இதை முதலே சொல்லிவிட்டால் மிச்சத்தை ஆறுதலாகச் சொல்லலாம்.

கயன் என் தம்பியின் மகன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, நான்தான் வளர்த்தேன். வளர்ந்து படித்து, நல்ல வங்கி வேலையில் இருந்தான். ஒருநாள் வந்து, "மாமி, வேலையை விட்டிட்டன். படம் எடுக்கப் போறன்" என்றான். (ஏதோ செருப்பை விட்டுவிட்டு வந்தவன் மாதிரி.)

"என்ன படம்?"

"உளவாளிப் படம் மாமி. அவனுக்குத் தீராத வருத்தம், நெஞ்சில நோய். கன நாள் இருக்க மாட்டான். சாகிறதுக்குள்ள, தாயைக் கொன்றவங்களைப் பழிவாங்க வேணும்."

"எந்த நாட்டு உளவாளி?"

"அதைச் சொன்னா பிரச்சினை."

"யாருக்கு உளவு பார்க்கிறான்?"

"அதையும் சொல்லேலாது."

படத்தின் பெயர் 'இறுதி இருமல்' என்றான். நான் சிரிக்கவில்லை. வளர்த்த பாசம்.

சும்மா படம் என்றால் எனக்கென்ன. ஆனால் அவன் பூவரசங்குளத்தில் தர்சினி என்று ஒரு பிள்ளையை விரும்பியிருந்தான். தங்கமான பிள்ளை. தகப்பனுக்கு நெல் மில். அதிகம் கதைக்காத மனிதர். மில் சத்தத்துக்குள் இருந்தே பழகியவர். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும் என் வீடு தேடி வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "அக்கா, படத்தைக் காட்டட்டும். பாத்திட்டுச் சொல்லுறன், பிள்ளையைக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு" என்றார். அதோடு போய்விட்டார்.

ஆகவே அந்தப் பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவது உளவாளியின் இருமலில் தங்கியிருந்தது.

உளவாளியாக நடித்தவன் கயனின் சிநேகிதன் சீலன். மல்லாவியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். சீமெந்து மூட்டையை ஒரு கையால் தூக்குவான். கன்னம் இரண்டும் பணிஸ் மாதிரி உப்பியிருக்கும். இவன்தான் நோய் முற்றிச் சாகக் கிடக்கிறவன். "உவனுக்கு வருத்தமெண்டா எங்களையெல்லாம் எப்பவோ எரிச்சிருக்க வேணும்" என்று பக்கத்து வீட்டுப் பூமணி சொன்னாள். பீற்றூட் தண்ணியை வாயில் வைத்துக்கொண்டு இருமினால் அதுதான் இரத்தம்.

படத்தில் சுடுகிறதுக்கு ஒரு துவக்கு கிடையாது. இந்தப் பக்கத்தில் துவக்கைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்தால், படம் முடியுமுன் வேறு ஆட்கள் வந்து உண்மையாகவே விசாரிப்பார்கள். அதனால் உளவாளி வில்லன்களை ஊசி போட்டே கொன்றான். ஊசி மருந்தோடு வருகிற உளவாளிக்காக, ஓடத் தெரியாத வில்லன்கள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

உளவாளியின் தாய் நான். கயன் வசனத்தைத் தாளில் எழுதித் தந்தான். நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கிறதுக்குள் இயற்கையாகவே செத்துவிடுவேன் என்றபடியால், "வாயாலை சொல்லு மோனை" என்றேன். வில்லன் நஞ்சு கலந்த தேத்தண்ணியை நான் குடித்துவிட்டு விழ வேண்டும். கூட்டாத நிலத்தில் விழமாட்டேன் என்று சொல்லி, கூட்டிவிட்டு விழுந்தேன். நன்றாகவே செத்தேன். பார்த்த சனம் கண் கலங்கியது.

கேடு வந்தது என் அந்தியேட்டியில்.

முப்பத்தோராம் நாள் கிரியை, வீட்டில் சனம் நிரம்பிச் சாப்பிடுகிறது, சுவரில் மாலை போட்ட என் படம், அதன் கீழே இலைக்கு முன்னால் இருந்து உளவாளி அழுதுகொண்டு சபதம் எடுக்கிறான். இதுதான் காட்சி. (உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினால் எப்படி இருக்கும் என்று அன்று கண்டேன். என்னை இவ்வளவு மரியாதையாக என் வீட்டில் ஒருநாளும் நடத்தியதில்லை.) படம் எடுக்கிற பிள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாடு வேண்டும்தானே. அதனால் சமையல் பொய்யில்லை. விடிய எழும்பி நானேதான் சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், வடை, பாயாசம். தன் அந்தியேட்டிக்குத் தானே சமைத்தவள் இந்த வன்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"மாமி, நீங்கள் குசினியை விட்டு வெளியில வரப்படாது" என்றான் கயன்.

"ஏன்?"

"செத்திட்டீங்கள்."

சரி என்று குசினிக் கதவோடு நின்றேன். பரிமாறுகிற வேலை பூமணிக்கு. அவள் பரிமாறிய சீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரண்டி நுனியில் பருப்பு, ஏதோ வீபூதி கொடுப்பது மாதிரி. ஒருவருக்கு வடை, அடுத்தவருக்கு இல்லை. சோறு முடியாத இலையில் பாயாசத்தை ஊற்றுகிறாள்! என் வீட்டு முற்றத்தில், என் சோற்றை, என் கண் முன்னால்.

பொறுத்தேன். பிறகும் பொறுத்தேன். அதற்குப் பிறகு குழம்பு வாளி என் கையில் இருந்தது.

ஏன் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சாப்பிட்ட சனத்துக்கு நான் பரிமாறுவது வழமை. நான் வராமல் இருந்திருந்தால்தான் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கயன் கமராவுக்குள் சீலனின் கண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெட்டி ஒட்டும்போதாவது கண்டிருக்கலாம். காணவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு நானும் அலுமாரியும் ஒன்றுதான். நிற்கிற இடத்தில் நின்றால் கண்ணில் படமாட்டோம்.

படத்தை எங்கள் ஊர் மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினார்கள். மில்காரரை முன் வரிசையில் நல்ல கதிரையில் இருத்தி, பக்கத்தில் நான் இருந்தேன். மற்றப் பக்கம் தர்சினி, முகம் துடைக்கிற கைலேஞ்சியைப் பிழிந்துகொண்டு. முதலில் எழுத்து ஓடியது. என் பெயரை நான் எழுத்துக் கூட்டி முடிக்குமுன் அது மேலே போய்விட்டது.

நான் செத்தேன். மில்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், மரியாதையோடு. பிறகு சீலன் இரும ஆரம்பித்தான். மோட்டார் சைக்கிளில் துரத்தும்போது நிறுத்தி இருமினான். மதிலேறிக் குதிக்கும்போது, பாதி மதிலில் இருந்து இருமினான்.

"டேய், இஞ்சி அவிச்சுக் குடியன்ரா!" என்று பின்னால் ஒரு குரல்.

"மதிலை விட்டு இறங்கு, மதில் விழப்போகுது!" என்று இன்னொன்று.

மில்காரர் அசையவில்லை. நான் மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

அந்தியேட்டி வந்தது. சுவரில் என் படம், மாலை, விளக்கு. சீலன் கண்ணீர் வடிய வடிய, "அம்மா! இனி உன்ரை முகத்தை எங்க காணப்போறன்?" என்றான்.

அவனுக்குப் பின்னால் நான் வாளியோடு வந்தேன்.

மண்டபத்தில் சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு பூமணி, அவள் வாய் புழுத்துப் போக, "ஐயோ, உங்கை நிக்கிறா!" என்று சீலையைக் காட்டிக் கத்தினாள்.

சீலையில் நான் ஆறுதலாக ஒவ்வொரு இலையாக வந்தேன். "கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ, எங்கட வீடுதானே" என்றேன். கடைசியில் உளவாளியின் இலைக்குக் குனிந்தேன். "என்ன தம்பி, சோறு காணுமோ, இன்னும் போடட்டோ?"

தாயை இழந்த உளவாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பருப்புக் காணும் அன்ரி, கத்தரிக்காய் கொஞ்சம் போடுங்கோ" என்றான்.

அதற்குப் பிறகு ஓடியது எந்தப் படம் என்று எனக்குத் தெரியாது. வில்லனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ரை அம்மாவை என்னடா செய்தனி?" என்று சீலன் கேட்க, மண்டபம் முழுக்க, "குசினியில நிக்கிறா, போய்ப் பார்!" என்றது. கடைசியில் அவன் பீற்றூட் தண்ணியைக் கக்கி, வானத்தைப் பார்த்து, "அம்மா, நானும் உன்னட்டை வாறன்" என்றபோது, "கையைக் கழுவிப்போட்டு வா மோனை, இலை போட்டாச்சு!" என்றார்கள். சாவு வீட்டில் இவ்வளவு சிரித்த ஊரை நான் கண்டதில்லை.

மில்காரர் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. தர்சினி அழுதாள். இப்படியொரு வீட்டில் சம்பந்தம் பேச வந்த அவமானம் தாங்காமல் மனிதரும் அழுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். கயன் படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தான். மில்காரர் கதிரையில் இருந்தார். துவாயை எடுத்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, உது படமில்லை. உதுக்கு ஒரு பேரும் இல்லை."

"ஓம்" என்றேன்.

"மாப்பிள்ளை திரும்பி வேலைக்குப் போக வேணும். இன்னொரு படம் எடுத்தா, பிள்ளையை நான் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன்."

கயன் தலையை நிமிர்த்தினான். கூட்டிக்கொண்டு போவதென்றால், முதலில் அனுப்ப வேண்டுமே!

"அப்ப, அப்பா..." என்றாள் தர்சினி.

"செத்து முப்பத்தோராம் நாளும் எழும்பி வந்து, ஆருக்குப் பருப்புக் காணேல்லை எண்டு பாக்கிற மனிசி இருக்கிற வீடு" என்றார் மில்காரர். "இஞ்சை என்ரை பிள்ளை பட்டினி கிடக்க மாட்டாள்." சொல்லிவிட்டு மறுபடி துவாயால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்போதுதான் விளங்கியது, மனிதர் ஒரு மணித்தியாலமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு, "சாப்பிட என்ன இருக்கு?" என்றார்.

கலியாணம் நடந்தது. கயன் வேறொரு இடத்தில் வேலைக்குப் போகிறான். 'இறுதி இருமல்' என்ற படத்தை உலகம் மறந்துவிட்டது. நான் வாளியோடு வருகிற துண்டை மட்டும் மறக்கவில்லை. அது கைபேசி கைபேசியாகக் கனடாவரை போய் வந்தது. இப்போது கயன் கூச்சமில்லாமல், "நான் நகைச்சுவைப் படமெல்லோ எடுத்தனான்" என்கிறான்.

எங்கள் பக்கத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் கரண்டியைத் தொட்டால், "ஐயோ, உங்கை நிக்கிறா!" என்று யாராவது கத்துவார்கள். தர்சினிதான் முதலில் கத்துவாள். வந்த நாளில் அடக்கமான பிள்ளை.

போன மாதம் எல்லாரும் கூடியிருந்தபோது நானும் ஒரு பகிடி விட்டேன். "என்ரை உண்மையான அந்தியேட்டிக்குப் பூமணியைப் பரிமாற விட்டீங்களெண்டா, எழும்பி வருவன்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தர்சினி பூமணியைப் பார்த்தாள். பூமணி, "நான் அண்டைக்குச் சாப்பிட மட்டும் வாறன்" என்றாள்.