கட்சியில்லாத தங்கைக்கு நான் ஆரம்பித்த கட்சி

எனக்கு உதவி செய்யும் வியாதி உண்டு. யாராவது 'வேண்டாம்' என்று சொன்னால் அது முற்றிவிடும்.

என் சித்தப்பா மகள் கவிதா எங்கள் ரிங்லெட் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், அங்கேயே தங்கிவிட்டவள். அங்கே ஒரு பெரிய நகரத்தின் மேயர் தேர்தலில் நின்றாள். ஒருநாள் போன் பண்ணினாள்.

"அண்ணே, உங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு இங்க கடைசிக் கூட்டம். லைன் சனங்க எல்லாம் வீடியோல ஒரு வணக்கம் சொல்லணும். பின்னால தேயிலை தெரிஞ்சா போதும்."

"எந்தக் கட்சிம்மா?"

"இங்க மேயருக்குக் கட்சியே கிடையாதுண்ணே. ஓட்டுச் சீட்டுல பேரு மட்டும்தான்."

போனை வைத்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் தேர்தல் வந்தால் விளக்குக் கம்பம் தெரியாத அளவுக்குக் கொடி கட்டுவார்கள். கட்சியில்லாமல் ஒரு தேர்தலா? பாவம், ஒருவரும் சீட் கொடுக்கவில்லை, வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். (கோயில் கமிட்டிக்கு நின்று மனைவியின் ஓட்டைக்கூட வாங்காதவன் நான். எனக்கா அரசியல் தெரியாது?)

"ஏங்க, அந்தப் புள்ளதான் கட்சி இல்லன்னு சொல்லுதே. சும்மா இருங்க லா," என்றாள் அதே மனைவி.

சும்மா இருப்பதா? பிரிஞ்சாங் தையற்கடைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். பச்சைத் துணியில் வெள்ளைக் கொழுந்து, கீழே 'தேயிலை மக்கள் கட்சி' என்று ஆங்கிலத்தில். ஞாயிறு விடிவதற்குள் சரிவு முழுக்கக் கொடி நட்டுவிட்டேன்.

அன்று நல்ல பனி. வீடியோ தொடங்கியபோது எங்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. அங்கே கூட்டம் நிறைந்த மண்டபத்தில் கவிதா பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பின்னால் எந்தக் கட்சியும் இல்லை. என் ஊர் மக்கள் மட்டும்தான். இதோ, பாருங்கள்!"

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. சரிவெங்கும் கொடி படபடத்தது. போதாததற்கு நான், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கவிதாதான் எங்கள் கட்சித் தலைவி என்று தொண்டை கிழியக் கத்தினேன். மண்டபமே சிரித்தது. கவிதா மட்டும் சிரிக்கவில்லை.

எதிராளியின் ஆட்கள் அந்த வீடியோவை நகரம் முழுக்கப் பரப்பினார்கள். 'கட்சியே இல்லை என்றாரே, இது என்ன?' என்று கேட்டார்கள். முடிவு வரும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கவிதா தோற்றாள்.

"என்னாலதானேம்மா?" என்று போனில் அழுதேன்.

"அதனால மட்டும் இல்லண்ணே," என்றாள். அந்த 'மட்டும்' இன்னும் குத்துகிறது.

இப்போது மறுபடியும் நிற்கிறாள். நானே கூப்பிட்டு, "அண்ணன் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டேன்.

"வேண்டிக்கிங்கண்ணே. மனசுக்குள்ளயே."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் விதி. வீடே கேட்டுவிட்டது. இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் நான் சாம்பார் வாளியைத் தொட்டாலே, "மனசுக்குள்ளயே ஊத்துங்க லா" என்கிறார்கள், சம்பந்தி வீட்டார் உட்பட.